பருப்பொருளின் நிலைகளும் பண்புகளும்: குழந்தைகளுக்குக் கற்பித்தல்

நிறை உடையதும் இடத்தை அடைத்துக்கொள்வதுமான எதுவும் பருப்பொருள் எனப்படும். கல், நீர், காற்று மூன்றும் பருப்பொருள்களே. அன்றாட வாழ்வில் பருப்பொருள் பெரும்பாலும் திண்மம், திரவம், வாயு என்னும் மூன்று நிலைகளில் காணப்படுகிறது. இவற்றைப் பற்றிய பாடம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளிலேயே அறிமுகமாகி, ஆறாம் வகுப்பில் தனி அலகாக விரிந்து, ஒன்பதாம் வகுப்பில் துகள் கொள்கையோடு மீண்டும் வருகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதையே சடப்பொருள் என்று வழங்குகின்றன.

பாடம் எளிதானது போலத் தோன்றும். "திண்மத்துக்கு வடிவம் உண்டு, திரவத்துக்கு வடிவம் இல்லை, வாயுவுக்கு வடிவமும் இல்லை பருமனும் இல்லை" என்று மூன்று வரிகளை மனப்பாடம் செய்த மாணவர் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றுவிடுவார். அதே மாணவரிடம் ஒரு படி மணலைக் காட்டி இது எந்த நிலை என்று கேட்டால் தடுமாறுவார். மணலை ஊற்றலாம், ஊற்றிய பாத்திரத்தின் வடிவத்தையும் அது எடுத்துக்கொள்ளும். அப்படியானால் திரவமா? பஞ்சை அழுத்தினால் சுருங்குகிறது. அது திண்மம் இல்லையா? கேழ்வரகுக் கூழ், தயிர், பற்பசை எல்லாம் எங்கே சேரும்? இந்தக் கேள்விகளைத் தொடாமல் நகரும் வகுப்பு, மேல்நிலை வேதியியலில் மாணவர் இடறப்போகும் இடத்தை அப்போதே தயார் செய்துவிடுகிறது.

இக்கட்டுரை இந்தப் பாடத்தை விழுப்புரம் மாவட்டச் சூழலை வைத்து விளக்குகிறது. விழுப்புரத்தை ஒட்டிய காணை ஊராட்சி ஒன்றியம் உழவை நம்பிய பகுதி. நெல், கரும்பு, நிலக்கடலை ஆகியவற்றைப் பார்த்து வளரும் பிள்ளைகளே இங்குள்ள பள்ளிகளுக்கு வருகிறார்கள். மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் மரக்காணத்து உப்பளங்களும், திண்டிவனத்துக்குத் தெற்கே திருவக்கரையின் கல்மரங்களும் உள்ளன. பொருள்களின் நிலைகளையும் பண்புகளையும் கற்பிக்க இவற்றைவிட நல்ல ஆய்வகம் அமைவது அரிது.

சொற்கள் தரும் சிக்கல்

தமிழில் இந்தப் பாடத்தைக் கற்பிப்பவர் முதலில் எதிர்கொள்வது சொற்களை. பேச்சுவழக்கில் "ஐஸ் கரைஞ்சு போச்சு" என்கிறோம். "சர்க்கரை கரைஞ்சு போச்சு" என்றும் சொல்கிறோம். அறிவியலில் இவை இரு வேறு நிகழ்வுகள். பனிக்கட்டி வெப்பத்தைப் பெற்றுத் தானே திரவமாவது உருகுதல். அதற்கு இன்னொரு பொருள் தேவையில்லை. சர்க்கரை நீரில் பரவிக் கலப்பது கரைதல். அதற்குக் கரைப்பான் வேண்டும். பேச்சில் ஒரே சொல் இரண்டுக்கும் பயன்படுவதால், "சர்க்கரை நீரில் உருகித் திரவமானது" என்று விடைத்தாளில் எழுதும் மாணவர் உண்மையில் தன் வீட்டு மொழியைத்தான் எழுதுகிறார்.

உறைதல் என்ற சொல் இன்னும் குழப்பமானது. நீர் உறைகிறது, தேங்காய் எண்ணெய் உறைகிறது, தயிர் உறைகிறது, இரத்தமும் உறைகிறது. முதல் இரண்டும் குளிர்வதால் நிகழும் நிலைமாற்றங்கள். தேங்காய் எண்ணெயின் உருகுநிலை ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸ் என்பதால் மார்கழி விடியலில் புட்டிக்குள் வெள்ளையாக இறுகி, வெயில் ஏறியதும் பழையபடி ஆகிவிடும். பாலில் உறைமோர் ஊற்றித் தயிராக்குவது அப்படியல்ல. நுண்ணுயிர்கள் உண்டாக்கும் லாக்டிக் அமிலத்தால் பாலின் புரதம் திரள்கிறது. தயிரைச் சூடாக்கினால் பால் திரும்பி வராது. இரத்தம் உறைவதும் புரதம் சார்ந்த வேறொரு வேதி நிகழ்வே. இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதி, "எதைத் திருப்ப முடியும்?" என்று கேட்டால் போதும், பாதி வகுப்பு அதிலேயே நடந்துவிடும். வீட்டுச் சொல்லைத் தவறென்று திருத்துவதைவிட, ஒரே சொல்லுக்குள் இரண்டு நிகழ்வுகள் இருப்பதைக் காட்டுவது நல்லது.

கெட்டி என்ற சொல்லும் இப்படியே. கெட்டியான சாம்பார் திண்மம் ஆகாது. மெல்ல ஓடும் திரவம் என்றே அதைச் சொல்ல வேண்டும். தேன் கனமானது என்று பிள்ளைகள் சொல்லும்போது அவர்கள் குறிப்பது எடையையா, அடர்த்தியையா, பாகுநிலையையா என்று கேட்டுத் தெளிவது ஆசிரியரின் வேலை. எண்ணெய் நீரைவிடப் பாகுநிலை மிக்கது. ஆனாலும் அடர்த்தி குறைவு என்பதால் நீரின் மேல் மிதக்கிறது.

வெல்லம்: தவறாகச் சொல்லப்படும் நல்ல எடுத்துக்காட்டு

கரும்பு விளையும் பகுதிகளில் பொங்கலை ஒட்டி வெல்லம் காய்ச்சும் வேலை மும்முரமாக நடக்கும். ஆலையில் பிழிந்த சாற்றை அகன்ற கொப்பரையில் ஊற்றி, காய்ந்த கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்சுவார்கள். சிறிது சுண்ணாம்பு சேர்த்து, மேலே திரளும் அழுக்கு நுரையை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். சாறு பாகாகிப் பதம் வந்ததும் கொப்பரையை இறக்கி, ஆறவிட்டு உருண்டை பிடிப்பார்கள் அல்லது அச்சில் ஊற்றுவார்கள். 100 கிலோ கரும்பிலிருந்து ஏறத்தாழ 10 கிலோ வெல்லம் கிடைக்கும்.

வகுப்பில் இது பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: கரும்புச்சாறு திரவம், வெல்லம் திண்மம், ஆகவே இது திரவம் திண்மமாக மாறுவதற்கு எடுத்துக்காட்டு. இது தவறு என்பதைக் கூர்ந்து கவனிக்கும் ஒரு பிள்ளையே கண்டுபிடித்துவிட முடியும். திரவம் திண்மமாக வேண்டுமானால் வெப்பத்தை நீக்க வேண்டும் என்பது பாடம். வெல்லத்துக்கோ மணிக்கணக்கில் தீ எரிகிறது. சூடேற்றினால் கட்டி உருக வேண்டும். இங்கே ஏன் இறுகுகிறது?

கொப்பரையில் நடப்பவை இரண்டு தனித்தனி நிகழ்வுகள். கரும்புச்சாறு என்பது நீரில் கரைந்த சர்க்கரையும் வேறு சில பொருள்களும் சேர்ந்த கலவை. அதன் பெரும்பகுதி நீர். தீ மூட்டும்போது அந்த நீர் ஆவியாகி வெளியேறுகிறது. சர்க்கரை கொப்பரையிலேயே தங்கிச் செறிவடைகிறது. இங்கே நிலை மாறுவது நீர் மட்டுமே, அதுவும் திரவத்திலிருந்து வாயுவுக்கு. பிறகு, இறக்கி ஆறவைக்கும்போது செறிந்த பாகு இறுகுகிறது. வெப்பம் நீங்குவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். ஒரு கிலோ வெல்லத்தை நீரில் கரைத்தால் இனிப்பு நீர் கிடைக்கும். ஆனால் வெல்லத்தை மட்டும் வாணலியில் சூடாக்கினால் கரும்புச்சாறு ஒருநாளும் கிடைக்காது. வெளியேறிய நீர் அதில் இல்லையே.

இன்னொரு செய்தியும் இதில் இருக்கிறது. தூய நீர் கடல்மட்ட அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். எவ்வளவு எரித்தாலும் நீர் இருக்கும்வரை அதற்கு மேல் ஏறாது. வெல்லப்பாகு பதமாகும்போது 115 டிகிரிக்கு மேல் சென்றிருக்கும். கரைந்த பொருள் கூடக் கூடக் கரைசலின் கொதிநிலை உயர்வதே காரணம். பாகு மேலே தெறித்தால் வெந்நீர் தெறிப்பதைவிடக் கடுமையாகச் சுடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒட்டிக்கொண்டு நகராமலிருப்பது மற்றொன்று. காய்ச்சுகிறவர் வெப்பமானி வைத்திருப்பதில்லை. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தே பதத்தை முடிவு செய்கிறார். செறிவையும் வெப்பநிலையையும் ஒருசேர அளக்கும் முறை இது. அந்த வேலையைச் செய்யும் வீட்டின் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருந்தால், விளக்கத்தை அந்தப் பிள்ளையே தொடங்கிவைக்கலாம்.

உப்பளமும் வெயிலும்

கொதித்தலும் ஆவியாதலும் ஒன்றல்ல என்பதற்கு மரக்காணம் சான்று. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. பாத்திகளில் விட்ட உவர்நீரை யாரும் கொதிக்கவைப்பதில்லை. வெயிலும் காற்றும் அதை வற்றச் செய்கின்றன. ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் திரவத்தின் மேற்பரப்பில் நடக்கும். கொதித்தல் குறிப்பிட்ட வெப்பநிலையில் திரவம் முழுவதிலும் நடக்கும். நீர் வற்ற வற்றக் கரைசல் செறிந்து, பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்த பிறகே சாதாரண உப்பு படிகமாகத் தொடங்குகிறது. கடைசிச் சொட்டு வரை வற்றவிட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து கசக்கும் என்பதால், எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மழை வந்தால் பாத்தியில் விளைந்தது மீண்டும் கரைந்துவிடும். உப்பளத் தொழிலாளியின் ஓராண்டு வருமானம் ஆவியாதலின் வேகத்தைச் சார்ந்தது என்று சொன்னால், அந்தச் சொல்லின் எடை மாணவருக்குப் புரியும்.

பள்ளியில் இதைச் செய்து பார்க்கச் செலவே இல்லை. 200 கிராம் நீரில் 20 கிராம் உப்பைக் கரைத்து நிறுத்தால் 220 கிராம் காட்டும். உப்பு மறைந்துவிட்டது என்று நினைக்கும் பிள்ளைக்குத் தராசே விடை சொல்லிவிடும். அதை இரண்டு தட்டுகளில் பிரித்து ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் வைக்கலாம். சில நாள்களில் படிகங்கள் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அவை சிறு சதுரப் பெட்டிகள் போலிருக்கும். உப்பைத் தனியே உருக்க வேண்டுமானால் 801 டிகிரி வெப்பம் தேவை. கரைவது எளிது, உருகுவது கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான இணை கிடையாது.

திருவக்கரை: பண்பைக் கொண்டு பொருளை அறிதல்

நிலையைப் பற்றிப் பேசும் அளவுக்கு நமது வகுப்புகள் பண்பைப் பற்றிப் பேசுவதில்லை. கடினத்தன்மை, அடர்த்தி, ஒளி ஊடுருவல், கரைதிறன், எரியும் தன்மை, காந்தத்தால் ஈர்க்கப்படுதல், வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்துதல் ஆகியவற்றின் பெயர்களைப் பட்டியலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

திருவக்கரையில் உள்ள தேசியக் கல்மரப் பூங்கா இதற்கு மருந்து. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னெரா 1781-இல் இவ்விடத்தைக் குறித்து எழுதினார். இன்று இது இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் இவை என்று கருதப்படுகிறது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் இழைகளுக்குள் ஊடுருவிப் படிந்து, மரப்பொருளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆண்டு வளையம், பட்டை, கணு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பார்வைக்கு மரம். தொட்டால் குளிர்ச்சி, தட்டினால் கல்லின் ஓசை. மரம் நீரில் மிதக்கும்; இது மூழ்கும். மரம் எரியும், இது எரியாது. வடிவம் ஒரு பொருளின் அடையாளம் ஆகாது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை ஒரே பார்வையில் உணர்ந்துகொள்ளும். மரமும் திண்மம், கல்மரமும் திண்மம். ஆகவே நிலை ஒன்றாக இருந்தும் பொருள் வேறு என்பதும் உடன் விளங்கும். ஒன்று சொல்ல வேண்டும்: அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது என்பதையும் சுற்றுலாவுக்கு முன்பே சொல்லிக் கூட்டிச் செல்ல வேண்டும்.

காற்று என்ற பொருள்

மூன்று நிலைகளில் குழந்தைகள் நம்ப மறுப்பது வாயுவைத்தான். வெறும் டம்ளர் என்றால் வெறுமை என்பதே அவர்களின் எண்ணம். டம்ளரின் அடியில் காகிதத்தைச் செருகி, கவிழ்த்து நேராக நீருக்குள் அழுத்தினால் காகிதம் நனையாது. காற்று இடத்தை அடைக்கிறது என்பது தெரிந்துவிடும். அதற்கு எடை உண்டு என்பதை நம்பவைப்பது கடினம். பலூனை ஊதித் தராசில் தொங்கவிடும் சோதனை நூல்களில் உண்டு. ஆனால் பலூனைச் சுற்றியுள்ள காற்று அதை மேல்நோக்கித் தாங்குவதால் வேறுபாடு மிகச் சிறியது. பள்ளித் தராசில் பெரும்பாலும் தெரியாது. கால்பந்தை நன்கு காற்றடித்து, மின்னணுத் தராசில் முன்னும் பின்னும் நிறுப்பது மேல். கணக்கும் உதவும். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோ. 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறையில் 108 கன மீட்டர் காற்று இருக்கும். அதன் நிறை ஏறத்தாழ 130 கிலோ. இரண்டு மூட்டை அரிசிக்கு மேல் எடையுள்ள காற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்று கேட்டதும் வகுப்பே தலையை உயர்த்தி மேலே பார்க்கும்.

இட்லிப் பானையைத் திறந்ததும் எழும் வெண்புகை நீராவி என்றே எல்லோரும் சொல்கிறோம். உண்மையில் நீராவி கண்ணுக்குத் தெரியாத வாயு. நாம் பார்ப்பது, வெளிக்காற்றில் குளிர்ந்து மீண்டும் நீரான நுண்துளிகளை. கெண்டியின் மூக்குக்கு மிக அருகே, எதுவும் இல்லாதது போலத் தெரியும் சிறு இடைவெளியில் இருப்பதே ஆவி. மார்கழி மூடுபனியும் மேகமும் இதே போலத் துளிகளின் கூட்டமே.

கொதிக்கும் நீரில் எழும் குமிழிகளுக்குள் என்ன இருக்கிறது? நியூசிலாந்து மாணவர்களிடம் ஆஸ்போர்ன், காஸ்குரோவ் என்ற ஆய்வாளர்கள் இதைக் கேட்டு 1983-இல் முடிவுகளை வெளியிட்டனர். காற்று என்றனர் சிலர், வெப்பம் என்றனர் சிலர். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்ற விடை பல ஆண்டு அறிவியல் படித்த பெரிய மாணவர்களிடமும் வந்தது. நீரின் வாய்பாட்டைக் கற்றதே தவறான விடைக்கு வழி காட்டியது என்பதுதான் இதில் யோசிக்கவேண்டியது. நம் வகுப்புகளிலும் கேட்டுப் பார்க்கலாம். கொதிக்கும்போது நீர் மூலக்கூறு உடைவதில்லை. மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, அவ்வளவே.

துகள்களை எப்போது சொல்வது

எல்லாப் பொருளும் நுண்துகள்களால் ஆனவை என்ற கருத்தை மிகச் சீக்கிரம் சொல்லிவிடக் கூடாது என்பது பலரின் கருத்து. கையால் தொட்டு, நிறுத்து, காய்ச்சிப் பார்த்த அனுபவம் சேர்ந்த பிறகு சொன்னால் அது விளக்கமாகும். அதற்கு முன் சொன்னால் இன்னொரு மனப்பாடம். சொல்லும்போதும் படத்தில் கவனம் வேண்டும். பல நூல்களில் திண்மத்தில் துகள்கள் நெருக்கமாகவும், திரவத்தில் நடுத்தர இடைவெளியிலும், வாயுவில் மிக விலகியும் வரையப்பட்டிருக்கும். திரவத்தின் படம் பிழையானது. திரவத்திலும் துகள்கள் ஏறக்குறைய ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன. வரிசை குலைந்து, ஒன்றைச் சுற்றி ஒன்று நகர முடிகிறது என்பதே திண்மத்தோடு வேறுபாடு. நீரை எவ்வளவு அழுத்தினாலும் கண்ணுக்குத் தெரியும்படி சுருங்காதது அதனால்தான். உண்மையான பெரும் பாய்ச்சல் வாயுவுக்குச் செல்லும்போது நிகழ்கிறது. 1 லிட்டர் நீர் 100 டிகிரியில் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். 12ஐ 12ஆல் பெருக்கி மீண்டும் 12ஆல் பெருக்கினால் 1,728. ஆகவே மூலக்கூறுகளுக்கு இடையேயான தொலைவு சுமார் 12 மடங்காகிறது என்று ஏழாம் வகுப்பு மாணவரே கணக்கிடலாம்.

இந்தத் துகள்களுக்கு இடையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், காற்று என்று பதில் வரும். ஒன்றும் இல்லை என்பதே சரியான விடை. இஸ்ரேலில் நோவிக், நுஸ்பாம் இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வும் வெற்றிடத்தை ஏற்பதே மாணவர்க்கு மிகக் கடினம் என்று காட்டியது. பனிக்கட்டி உருகும்போது துகளும் உருகுகிறது என்பது இன்னொரு பரவலான தவறு. துகள் உருகுவதில்லை; அதன் அடுக்குதான் குலைகிறது. நீர் உறையும்போது அந்த அடுக்கு திரவத்தைவிடக் காலியிடம் மிகுந்ததாக அமைவதால் பருமன் சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. பனிக்கட்டி மிதப்பதும் இதனால்தான்.

செய்து கற்றல்

தமிழ்நாட்டில் செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. அட்டைகளும் ஏணிப்படிகளும் குழந்தைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்தன. அது பெரிய மாற்றம். ஆனால் அட்டையில் அச்சிட்ட பனிக்கட்டி உருகாது. அறிவியலுக்குப் பொருளே அட்டையாக வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் 1972 முதல் 2002 வரை நடந்த ஹோசங்காபாத் அறிவியல் திட்டம் கிராமப் பள்ளிகளில் இதைச் செய்து காட்டியது. தமிழில் துளிர் இதழும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் எளிய சோதனைகளைப் பரப்பின. 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில். மாலையில் தெருத்திண்ணையில் பாடம் சொல்லும் தன்னார்வலருக்குத் தட்டு, டம்ளர், உப்பு, வெல்லம் போதும்.

பாதுகாப்பையும் மறக்கலாகாது. பதங்கமாதலுக்கு நாப்தலீன் உருண்டையைக் காட்டுவது வழக்கம். அது நச்சுப்பொருள், மிட்டாய் போலிருப்பதால் சிறுவர் கையில் தரக் கூடாது. பூசைக் கற்பூரத்தைத் திறந்து வைத்து, நாளுக்கு நாள் சிறுப்பதைப் பார்க்கலாம். அதையும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொளுத்திய கற்பூரம் பதங்கமாதலுக்கு எடுத்துக்காட்டு ஆகாது. எரிதல் வேதி மாற்றம். அப்போது யாராவது ஒரு பிள்ளை "தீ எந்த நிலை?" என்று நிச்சயம் கேட்கும். ஐம்பூதங்களில் தீயும் ஒன்று என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளை அது. தீச்சுடர் தனியொரு பருப்பொருள் அன்று. எரிதல் நடக்கும் இடத்தில் சூடாகி ஒளிரும் வாயுக்களும் கரித்துகள்களுமே சுடராகத் தெரிகின்றன.

கற்றதைச் சோதிக்க வரையறை கேட்பதைவிடக் குளிர்ந்த டம்ளரைக் கேட்கலாம். பனிக்கட்டி போட்ட எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறது. நீர் எங்கிருந்து வந்தது? உள்ளிருந்து கசிந்தது என்பார்கள் பலர். டம்ளரை இறுக மூடி, உடனே ஒருமுறையும் பத்து நிமிடம் கழித்து ஒருமுறையும் நிறுக்கச் சொல்ல வேண்டும். எடை கூடியிருக்கும். துணியால் துடைத்த உடனே நிறுத்தால் பழைய எடைக்கே திரும்பும்.